சித்தியின் பன்னிரண்டு கூப்பன்கள்: கடைக் குலுக்கலில் பரிசு விழ எவ்வளவு வாய்ப்பு?

போகிக்கு முதல் நாள் கலசப்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் சித்தி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். உள்ளே இருந்து பன்னிரண்டு மஞ்சள் நிற அடிக்கட்டைகள் விழுந்தன.

"ஏம்பா, நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே. ஒண்ணாவது விழற மாதிரி எதனா பண்ண முடியாதா?"

விஷயம் இதுதான். பக்கத்து டவுனில் ஒரு சூப்பர் மார்க்கெட். (பெயர் வேண்டாம்.) தீபாவளியிலிருந்து பொங்கல் வரை 500 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால் ஒரு கூப்பன். முதல் பரிசு ஸ்கூட்டர், இரண்டாவது வாஷிங் மெஷின், அடுத்து ஐந்து மிக்சி, அப்புறம் ஐம்பது பேருக்கு ஆறுதல் பரிசாக ஹாட் பாக்ஸ். காணும் பொங்கல் அன்று குலுக்கல். வழக்கமாக நம்ம தெரு மளிகைக் கடையில் வாங்கும் சித்தி, இதற்காகவே மூன்று மாதம் பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறார்.

சித்தி கேட்டது விளையாட்டாக. எனக்கு அது உண்மையான கேள்வியாகப் பட்டது. வாய்ப்பைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பதற்கு முன்னால், இப்போது வாய்ப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டும். அதற்கு மொத்தம் எத்தனை கூப்பன் பெட்டியில் விழுந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கடைக்காரர் சொல்ல மாட்டார். ஆனால் கூப்பனில் வரிசை எண் அச்சிட்டிருந்தது. அது போதும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதம் எத்தனை டாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவேண்டி இருந்தது. உளவுத்துறை ஒரு எண்ணிக்கை சொன்னது. புள்ளியியல்காரர்கள், கைப்பற்றிய டாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களை மட்டும் வைத்து வேறொரு எண்ணிக்கை சொன்னார்கள். 1942 ஆகஸ்டுக்கு உளவுத்துறை சொன்னது 1,550. புள்ளியியல்காரர்கள் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மானியர்களின் சொந்தப் பதிவேட்டைப் பார்த்தபோது இருந்தது 342!

சூத்திரம் எளிது. கையில் கிடைத்தவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை, கிடைத்த மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்டி ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான். பின்னால் உள்ள யோசனையும் புரியக்கூடியதே. எண்கள் 1 முதல் கடைசி வரை பரவலாகக் கிடைத்திருந்தால், நாம் பார்த்த பெரிய எண்ணுக்கும் உண்மையான கடைசி எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரம், மற்ற எண்களுக்கு நடுவில் உள்ள சராசரி தூரம் அளவுக்குத்தான் இருக்கும்.

சித்தியின் கூப்பன்கள் மட்டும் போதாது. அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டேன். பொங்கலுக்கு வந்த ஐ.டி. பையன் வீடு வீடாகக் கூப்பன் எண் எழுதிக்கொண்டு போகிறான் என்று தெருவில் பேச்சானது தனிக்கதை. ஒரே பில்லுக்குக் கிடைத்த கூப்பன்கள் அடுத்தடுத்த எண்ணாக இருக்கும் என்பதால் ஒரு பில்லுக்கு ஒன்று மட்டும் எடுத்துக்கொண்டேன். 20 தேறியது. பெரிய எண் 6,540. முதல் நாளே போன ஒருவரிடம் 43 இருந்தது, ஆகவே எண் 1-இல்தான் தொடங்கியிருக்கிறது என்று நம்பலாம். 6,540-ஐ 20-ஆல் வகுத்தால் 327. கூட்டி ஒன்றைக் கழித்தால் 6,866.

இனி எல்லாம் வாய்ப்பாடு கணக்கு. சித்தியிடம் 12 கூப்பன். ஸ்கூட்டருக்கு வாய்ப்பு 572-இல் ஒன்று. மொத்தப் பரிசு 57, ஆகவே ஏதாவது ஒன்று விழ வாய்ப்பு சுமார் 9.5 சதவீதம். அந்த ஏதாவது ஒன்று, அநேகமாக ஹாட் பாக்ஸ்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஸ்கூட்டர் 90,000, வாஷிங் மெஷின் 18,000, மிக்சி ஒன்று 3,000, ஹாட் பாக்ஸ் 300 என்று வைத்துக்கொண்டால் மொத்தப் பரிசு 1,38,000 ரூபாய். 6,866-ஆல் வகுத்தால் ஒரு கூப்பனின் மதிப்பு 20 ரூபாய். 500 ரூபாய்க்கு 20 ரூபாய், அதாவது 4 சதவீதத் தள்ளுபடி. குலுக்கலில் விழும் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரி உண்டு. ஸ்கூட்டருக்கு 27,000, வாஷிங் மெஷினுக்கு 5,400. அதைக் கழித்தால் கூப்பன் மதிப்பு 15 ரூபாய் சொச்சம், 3 சதவீதம். கடைக்காரருக்கோ குறைந்தது 34 லட்ச ரூபாய் வியாபாரம்.

தெரு மளிகைக் கடையைவிட அந்த சூப்பர் மார்க்கெட்டில் விலை 3 சதவீதம் அதிகமாக இருந்தாலே கூப்பனின் மதிப்பு போச்சு. பஸ் டிக்கெட் வேறு. இதைச் சித்தியிடம் சொன்னபோது, "பஸ்ஸு பொம்பளைங்களுக்கு ஃப்ரீ பா" என்றார். அந்தப் பாயிண்ட் அவருக்கு.

சரி, வாய்ப்பைக் கூட்டுவது எப்படி? ஊரில் இதற்கு நிறைய வைத்தியம் சொல்கிறார்கள். கூப்பனை விசிறி மாதிரி மடித்துப் போடு, கையில் மாட்டும் என்பது ஒன்று. கடைசி நாளில் போடு, மேலே கிடக்கும் என்பது இன்னொன்று. சிரித்து ஒதுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டாவதற்குச் சரித்திரச் சான்றே இருக்கிறது. 1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில், வியட்நாம் போருக்கு யாரை முதலில் அழைப்பது என்று பிறந்த தேதியை வைத்துக் குலுக்கினார்கள். 366 தேதிகள், 366 குப்பிகள். ஜனவரி தொடங்கி மாத வரிசையில் பெட்டியில் போட்டுவிட்டு, சரியாகக் கலக்கவில்லை. விளைவு, வருடக் கடைசியில் பிறந்த பையன்களின் தேதிகள் நியாயத்துக்கு மீறி முதலில் வந்தன. போருக்குப் போவதும் போகாததும் கலக்கிய கையில் இருந்தது. அடுத்த வருடம் முறையையே மாற்றினார்கள்.

ஆகவே கலக்காத பெட்டியில் கடைசியாக விழுந்த கூப்பனுக்கு ஒரு சாதகம் உண்டு. நன்றாகச் சுற்றும் டிரம் என்றால் இல்லை. கம்ப்யூட்டரில் எடுத்தால் மடிப்பு, நாள் எதற்கும் அர்த்தம் கிடையாது. (கம்ப்யூட்டரும் யோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை ஆபீஸ் ஆயுத பூஜைக் குலுக்கலுக்கு நான்தான் புரோகிராம் எழுதினேன். ரேண்டம் எண்ணை முழு எண்ணாக்க, கீழே இறக்குவதற்குப் பதில் ரவுண்ட் செய்துவிட்டேன். பட்டியலில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் மற்றவர்களைவிடப் பாதி வாய்ப்புதான் கிடைத்தது. இன்றுவரை யாருக்கும் தெரியாது.)

உண்மையில் பலன் தருபவை சலிப்பூட்டும் விஷயங்கள். ஒரே பெரிய பரிசு உள்ள திட்டத்தைவிடப் பல சின்னப் பரிசுகள் உள்ள திட்டம் மேல். பல ஊர்க் கிளைகளுக்கும் சேர்த்து ஒரே குலுக்கல் என்றால் கூட்டம் அதிகம். அந்தக் கிளைக்கு மட்டும் என்றால் குறைவு. போன் நம்பர் புரிகிற மாதிரி எழுதுவது, பெட்டியில் போடவே மறக்காமல் இருப்பது. "இந்த டீத்தூள் எனக்குப் பிடிக்கக் காரணம்..." என்று ஒரு வரி எழுதச் சொல்லும் போட்டிகள் இன்னும் நல்லவை. பேனா எடுக்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் போட்டி குறைவு.

இதையெல்லாம் எழுதி ஒரு பதிவாகப் போட்டிருப்பேன். ஆனால் காணும் பொங்கல் அன்று குலுக்கல் நடக்கவில்லை. தமிழ்ப் புத்தாண்டுக்குத் தள்ளி வைத்திருப்பதாகப் போர்டு மாட்டினார்கள். புத்தாண்டுக்குள் போர்டும் இல்லை, கூப்பன் பெட்டியும் இல்லை. கேட்டவர்களுக்குக் கல்லாவில் இருந்த பையன், "முதலாளிதான் சொல்லணும்" என்றானாம்.

என் கணக்கில் நான் விட்ட ஒரு எண் அது. 12 கூப்பனின் வாய்ப்பைக் குலுக்கல் நடக்கும் வாய்ப்பால் பெருக்கியிருக்க வேண்டும். ஏன் நடக்கவில்லை என்று தேடப் போனபோதுதான் சட்டம் கண்ணில் பட்டது.

லாட்டரிச் சீட்டு விற்பனை தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது எல்லாருக்கும் தெரியும். அதற்கு வெகுகாலம் முன்பே, எம்.ஜி.ஆர். ஆட்சியில், தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம், 1979 என்று ஒன்று வந்திருக்கிறது. கடையில் பொருள் வாங்கியவர்களில் சிலரைக் குலுக்கல் மூலம் தேர்ந்தெடுத்துப் பணமோ பொருளோ பரிசாகக் கொடுக்கும் திட்டத்தையே அது தடுக்கிறது. ஸ்கூட்டர் குலுக்கல் அதன் வரையறைக்குள் அப்படியே வந்து உட்காருகிறது. பிஸ்கட் பாக்கெட், டூத்பேஸ்ட் அட்டைகளில் பரிசுப் போட்டி விளம்பரத்துக்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் "தமிழ்நாட்டில் செல்லாது" என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருக்கலாம். நம்மை ஏன் ஒதுக்குகிறார்கள் என்று பள்ளி நாட்களில் எனக்குக் கோபமே வந்திருக்கிறது. காரணம் இந்தச் சட்டம். பெரிய கம்பெனிகளுக்கு வக்கீல் உண்டு, படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். உள்ளூர்க் கடைகள் பல தெரியாமல் நடத்துகின்றன, சில தெரிந்தே நடத்துகின்றன.

இதனால் வாடிக்கையாளர் நிலைமை சிக்கலானது. சட்டம் தடுத்த ஒரு ஏற்பாட்டைக் காட்டி, எனக்குப் பரிசு கொடு என்று உரிமையோடு கேட்பது கஷ்டம். ஆனால் முழுக்கக் கையறு நிலையும் இல்லை. 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பனையைக் கூட்டக் குலுக்கல் நடத்துவதையும், பரிசுத் திட்டத்தை முடித்துவிட்டு முடிவை அறிவிக்காமல் மறைப்பதையும் நியாயமற்ற வணிக முறை என்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சித்தியிடம் சொன்னேன். "ஒரு ஹாட் பாக்ஸுக்காகவா?" என்று விட்டுவிட்டார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மே மாதம் அவருக்கு ஒரு போன் வந்தது. பேசியவன் சித்தியின் பெயரைச் சரியாகச் சொன்னான். "அம்மா, பொங்கல் குலுக்கல்ல உங்களுக்குக் கார் விழுந்திருக்கு. முதல்ல ஃபைல் சார்ஜ் 2,500 அனுப்புங்க. வரி எவ்வளவுன்னு அப்புறம் சொல்றோம்." கார் பரிசுப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் மூன்று மாதம் காத்திருந்த மனசு அதையெல்லாம் கவனிக்குமா? எதிர்வீட்டுப் பையனை வைத்து 2,500 அனுப்பிவிட்டார். அடுத்து 18,000 கேட்டபோதுதான் எனக்கு போன் செய்தார்.

பெயரும் நம்பரும் அவனுக்கு எப்படிப் போனது? கூப்பனிலிருந்துதான் போனது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் ஆறாயிரத்து சொச்சம் பேப்பர், ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், போன் நம்பர், "பரிசுக்காகக் காத்திருப்பவர்" என்ற முத்திரையோடு, ஒரு அட்டைப் பெட்டியில் கிடந்தது. அந்தப் பெட்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. நான் மோசடிக்காரனாக இருந்தால் இதைவிட நல்ல பட்டியல் கேட்க மாட்டேன்.

அவன் வரியைச் சொல்லிப் பேசியதும் தற்செயல் இல்லை. பெரிய பரிசுக்கு வரி உண்டு என்பது உண்மை, பொருளாகக் கொடுக்கும் பரிசை ஒப்படைக்கும் முன் வரி கட்டியாகிவிட்டதைக் கொடுப்பவர் உறுதி செய்ய வேண்டும் என்பதும் உண்மை. பொய்யை அந்த உண்மைமேல் சாய்த்து வைக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: வரி உங்கள் பான் எண்ணின் பேரில் அரசாங்கக் கணக்குக்குப் போகும், யாரோ ஒருவருடைய செல்போன் நம்பருக்குப் போகாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு. நாங்கள் அழைத்தது மறுநாள். 2,500 திரும்ப வரவில்லை.

குலுக்கலே இல்லாமல் பரிசு வாங்கியவர் ஒருவர் உண்டு. 1999-இல் கலிபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற எஞ்சினியர், ஒரு உணவுக் கம்பெனியின் திட்டத்தைப் படித்தார். பத்து பார்கோடு அனுப்பினால் 500 விமான மைல், சீக்கிரம் அனுப்பினால் இரட்டிப்பு. பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் பார்கோடு பார்கோடுதான் என்பதைக் கவனித்து, 25 சென்ட் விலையுள்ள புட்டிங் கிண்ணங்களை 12,150 வாங்கினார். லேபிளைக் கிழிக்கத் தனியாக முடியாமல் ஒரு தொண்டு நிறுவனத்தாரைக் கூப்பிட்டு, புட்டிங்கை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். செலவு சுமார் 3,000 டாலர், கிடைத்தது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். அதிர்ஷ்டத்துக்கு அதில் வேலையே இல்லை. எல்லாருக்கும் நிச்சயம் கொடுக்கும் பரிசில்தான் இந்த மாதிரி கணக்குப் போட முடியும்.

நம் ஊரிலும் அந்த வகை உண்டு. ஆடியில் அதே கடை, குலுக்கல் எதுவும் இல்லாமல், 2,000 ரூபாய்க்கு வாங்கினால் ஒரு கிலோ சர்க்கரை என்று போர்டு வைத்தது. சித்தி போன் செய்து, "இது எத்தனை பர்சென்ட்டுனு சொல்லு" என்றார். சர்க்கரை 45 ரூபாய் என்றால் இரண்டே கால் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், நம்ம தெருக் கடையில் துவரம்பருப்பு கிலோவுக்கு ஆறு ரூபாய் கம்மி என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.