இருபத்தோரு நிமிஷம்

நேயர்களில் சைக்கிள் விடத் தெரிந்தவர்கள் அநேகர் இருப்பார்கள். ஆடி மாதத்து எதிர்க்காற்றில் நாலு மைல் மிதித்து விட்டு வீடு வந்து சேர்ந்தால், திண்ணையிலேயே உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் கேட்கிறோம். வழியில் மேடு குறுக்கிட்டாலோ, தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக் கொண்டு, இறங்கித் தள்ளிக் கொண்டு போகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இறங்கித் தள்ளுவதற்கு வழியில்லாமல் மாட்டிக் கொண்ட ஒரு மனிதரைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறோம். 1948-ம் வருஷம் ஜூலை மாதம் 14-ந் தேதியன்று, பிரான்ஸ் தேசத்தின் தென் கடற்கரையிலுள்ள கான் நகரத்து ஹோட்டல் ஒன்றில் அவர் தங்கியிருந்தார். பெயர் ஜீனோ பார்தாலி, இத்தாலியர். இன்னும் நாலு நாள் போனால் வயது முப்பத்து நாலு நிறையும். வக்கீலுக்கும் வைத்தியருக்கும் அது தொழில் தொடங்கும் வயது. சைக்கிள் பந்தயக்காரருக்கோ தொழிலை மூட்டை கட்டும் வயது. "கிழவர்" என்றே அவரைப் பலரும் அழைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பிரான்ஸைச் சுற்றி வரும் அந்தப் பெரும் பந்தயம் 1903-ம் வருஷத்தில் ஆரம்பமானது. தினம் ஒரு கட்டமாக, மூன்று வாரத்துக்கு மேல் நடக்கும். ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். யாருடைய கூட்டுத் தொகை எல்லாரிலும் குறைவோ, அவர் மஞ்சள் சட்டை அணிவார். 1948-ல் பந்தய தூரம் 4,900 கிலோமீட்டருக்கு மேல். புறப்பட்டவர்கள் 120 பேர். பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 44 பேர்தான்.

ஜூலை 14-ந் தேதி ஓய்வு நாள். அன்று மஞ்சள் சட்டை லூயிஸோன் போபே என்னும் பிரெஞ்சு வாலிபரிடம் இருந்தது. அவருக்கு வயது 23. பார்தாலி அவருக்கு இருபத்தோரு நிமிஷமும் சில விநாடிகளும் பின்தங்கிக் கிடந்தார். விநாடிகளுக்காக உயிரைக் கொடுக்கும் பந்தயத்தில் இருபத்தோரு நிமிஷம் என்பது ரயிலைத் தவற விட்டவன் அடுத்த ஸ்டேஷனுக்கு ஓடிப் போய் அதைப் பிடிக்க நினைப்பதற்குச் சமானம்.

அன்றைய தினம் நம்மிடம் வந்து, "இந்த மனிதருக்கு இனி ஜயம் உண்டா?" என்று யாராவது கேட்டிருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

இல்லை என்பதற்குக் காரணங்கள் வேண்டிய மட்டும் இருந்தன. பார்தாலி இதே பந்தயத்தை 1938-ல் ஜயித்தவர். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கமே வரவில்லை. 1940 முதல் 1946 வரையில் யுத்தத்தின் காரணமாகப் பந்தயமே நடைபெறவில்லை. பந்தயக்காரனின் வாழ்க்கையில் பொன்னான காலம் என்று சொல்லப்படும் இருபத்தாறாவது வயது முதல் முப்பத்திரண்டாவது வயது வரையில் யுத்தம் விழுங்கிவிட்டது. போதாக்குறைக்கு, சொந்த நாட்டிலேயே அவரைவிட ஐந்து வயது இளைய பவுஸ்தோ கோப்பி தோன்றியிருந்தார். இத்தாலியைச் சுற்றி வரும் பந்தயத்தில் 1946-ல் பார்தாலி 47 விநாடியில் கோப்பியைத் தோற்கடித்தார். 1947-ல் கோப்பி பார்தாலியைத் தோற்கடித்தார். காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

உண்டு என்பதற்கும் காரணம் இல்லாமலில்லை. வயது ஏற ஏறக் கால்களின் பாய்ச்சல்தான் முதலில் குறைகிறது. நீண்ட நேரம் ஒரே சீராக மிதித்து மலை ஏறும் சக்தி அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போவதில்லை. பார்தாலியோ பிறவி மலையேறி. அந்தப் பந்தயத்திலேயே பிரனீஸ் மலைப் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கட்டங்களை ஜயித்திருந்தார். ஆல்ப்ஸ் மலையின் பெரிய கணவாய்கள் இனிமேல்தான் வர வேண்டும். மற்றவர்களை நடுங்க வைக்கும் குளிரும் மழையும் அவருக்குப் பழைய சிநேகிதர்கள்.

இப்படிக் கணக்குப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, கணக்கில் வராத ஒரு சமாசாரம் ரோமிலிருந்து வந்தது. அன்று காலை இத்தாலியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் பல்மீரோ தொல்யாத்தி, பார்லிமெண்டுக் கட்டிடத்திலிருந்து வெளியே வந்தபோது ஒரு வாலிபன் அவரைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். அந்த ஏப்ரல் மாதம்தான் கடுமையான தேர்தல் ஒன்று நடந்து, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி வெற்றி பெற்றிருந்தது. தேர்தலின் புண் ஆறுவதற்குள் இந்தக் குண்டு. தேசமெங்கும் வேலை நிறுத்தம், ஆலைகளைத் தொழிலாளர்கள் கைப்பற்றினார்கள், தெருக்களில் உயிர்ச்சேதம். உள்நாட்டு யுத்தம் வந்துவிடுமோ என்று ஜனங்கள் அஞ்சினார்கள்.

அன்று மாலை கான் நகரத்து ஹோட்டலில் டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் இத்தாலியின் பிரதம மந்திரி தெ காஸ்பரி. நீ ஜயிக்க முடியுமா என்று கேட்டாராம். ஜயித்தால் தேசத்துக்கு நன்மை என்றாராம். பார்தாலியே பிற்காலத்தில் சொன்ன விவரம் இது.

மறுநாள் கானிலிருந்து பிரியான்சோன் வரையில் 274 கிலோமீட்டர், அதாவது நமது கணக்கில் 170 மைல். நடுவில் அலோஸ், வார், இஸோவார் என்று மூன்று கணவாய்கள். இஸோவார் 7,700 அடி உயரம். நம் உதகமண்டலத்தைக் காட்டிலும் சற்று உயர்ந்தது. மழை கொட்டியது, பாதை சேறாகிவிட்டது. பத்து மணி நேரத்துக்கு மேல் மிதித்து, பார்தாலி முதலாவதாக வந்து சேர்ந்தார். போபே வந்தபோது பதினெட்டு நிமிஷத்துக்கு மேல் கடந்திருந்தது. இருபத்தோரு நிமிஷமாக இருந்த கடன் ஒரே நாளில் ஒரு நிமிஷமும் சொச்சமுமாகச் சுருங்கிவிட்டது. அதற்கு மறுநாளும் அவரே முதல்; மஞ்சள் சட்டை கை மாறியது. அதற்கடுத்த கட்டத்திலும் அவரே. பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவதாக வந்தவரைவிட 26 நிமிஷம் முந்தியிருந்தார். ஒரே மனிதர் இந்தப் பந்தயத்தைப் பத்து வருஷ இடைவெளி விட்டு இரண்டு தடவை ஜயித்தது அதற்கு முன்னும் இல்லை. இன்று வரையில் பின்னும் இல்லை.

* * *

பார்தாலியின் கால்களைப் பற்றிய தகராறு இத்துடன் தீர்ந்தது. அவருடைய பெயரைப் பற்றிய தகராறு இத்துடன்தான் பலமாக ஆரம்பித்தது.

"பார்தாலி இத்தாலியைக் காப்பாற்றினார்" என்று ஒரு கட்சி சொல்லிற்று. வெற்றிச் செய்தி வந்ததும் பார்லிமெண்டில் சண்டையிட்டுக் கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள் என்றும், தெருவில் கல்லெறிய நின்றவர்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் கூடிவிட்டார்கள் என்றும் கதைகள் பரவின. மற்றொரு கட்சியார் சிரித்தார்கள். கலகத்தை அடக்கியது சைக்கிள் அல்ல. தொல்யாத்தி உயிர் பிழைத்தார், அமைதியாயிருக்கும்படி தம் தோழர்களைக் கேட்டுக் கொண்டார், வேலை நிறுத்தமும் ஓய்ந்தது என்று அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். நமக்குத் தோன்றுவது என்னவென்றால், தீயை அணைத்தது தண்ணீர்தான். ஆனால் தீப்பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்குச் சற்று நேரம் வேறு பக்கம் பார்க்க ஒரு சந்தோஷம் கிடைத்ததென்றால், அதையும் அற்பமென்று தள்ளிவிட முடியாது.

இந்தப் பிளவுக்கு வேர் இன்னும் ஆழத்தில் இருந்தது. பார்தாலி தெய்வ பக்தி மிகுந்தவர். கார்மலைட் துறவிகளின் சபையைச் சேர்ந்த இல்லறத்தார். "பக்திமான் ஜீனோ" என்று சிலர் மரியாதையாகவும், சிலர் பரிகாசமாகவும் அழைத்தார்கள். பாதிரிமாரும், கிராமத்தாரும், பழைய வழக்கங்களை விடாதவர்களும் அவருக்காகப் பிரார்த்தனை செய்தார்கள். புதுமையை விரும்பியவர்களும், மாதா கோயிலின் ஆதிக்கத்தை வெறுத்தவர்களும் கோப்பிக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். கோப்பி ஒன்றும் இடதுசாரிக்காரர் அல்ல. ஆயினும் பார்தாலிக்கு எதிரே ஒருவர் வேண்டியிருந்தபடியால் ஜனங்கள் அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஒரு வீட்டிலேயே அண்ணன் பார்தாலி கட்சி, தம்பி கோப்பி கட்சி என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை நடக்குமாம்.

வீரர்கள் இருவரும் கூட இந்த நோயிலிருந்து தப்பவில்லை. அதே 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஹாலந்து தேசத்தில் உலகப் பந்தயம் நடந்தது. ஒருவர் ஜயித்து விடாமல் ஒருவர் காவல் காத்ததில், இருவருமே பின்தங்கி, நடுவில் விலகிக் கொண்டார்கள். இத்தாலியச் சைக்கிள் சங்கத்தார் கோபங்கொண்டு இருவரையும் சிறிது காலம் பந்தயங்களிலிருந்து விலக்கி வைத்தார்கள். பக்திமானுக்கும் பொறாமை உண்டு என்பதை நேயர்கள் இதிலிருந்து அறிந்து கொள்ளலாம்.

மறு வருஷம், 1949 ஜூலை 18-ந் தேதி, பார்தாலியின் முப்பத்தைந்தாவது பிறந்த நாளன்று, பந்தயம் மறுபடியும் கானிலிருந்து அதே பிரியான்சோனுக்குச் சென்றது. பார்தாலியும் கோப்பியும் மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு ஒன்றாகவே மலை ஏறினார்கள். முடிவில் கோப்பி ஒதுங்கிப் பெரியவரை முன்னே விட்டார் என்று சொல்வார்கள். பார்தாலி மஞ்சள் சட்டை அணிந்தார். அது ஒரே ஒரு நாள் பிறந்த நாள் பரிசு. அடுத்த நாளே கோப்பி முந்திச் சென்று பந்தயத்தையும் ஜயித்தார், பார்தாலி இரண்டாவது. மறுபடியும் தலையெடுத்த மனிதரின் காலம் அத்துடன் சாய்ந்தது. ஆயினும் அவர் 1954 வரையில், நாற்பது வயது வரையில், பந்தயத்தை விடவில்லை.

* * *

ஒரு வருஷத்து வெற்றியைப் பற்றி இவ்வளவு வாதம் செய்த ஜனங்களுக்கு, அவருடைய வேறொரு சவாரியைப் பற்றி வெகு காலம் வரையில் எதுவுமே தெரியாது.

1943-ம் வருஷம் ஜெர்மானியர்கள் இத்தாலிக்குள் படையுடன் புகுந்தார்கள். யூதர்களைப் பிடித்து ரயிலேற்றி மரண முகாம்களுக்கு அனுப்பினார்கள். ப்ளாரென்ஸ் நகரத்து ஆர்ச்பிஷப் தல்லா கோஸ்தாவின் ஆதரவில், அவர்களை ஒளித்து வைக்கவும், வேறு பெயரில் அடையாளச் சீட்டுகள் தயாரித்துக் கொடுக்கவும் ஓர் இரகசிய ஏற்பாடு நடந்தது. சீட்டு அச்சடிக்கும் இடம் சுமார் நூறு மைலுக்கு அப்பால், அஸிஸி ஊரில். போட்டோப் படங்களையும் காகிதங்களையும் கொண்டு போய்க் கொடுத்து வாங்கி வருபவன் மீது ராணுவத்தாருக்குச் சந்தேகம் வரக் கூடாது. சாலையில் நாள் முழுவதும் சைக்கிள் விட்டுக் கொண்டிருந்தாலும் யாரும் ஏனென்று கேட்காத மனிதர் அந்தப் பிரதேசத்தில் ஒருவர்தானே உண்டு? பார்தாலி சைக்கிளின் குழாய்களுக்குள் அவற்றைச் சுருட்டி வைத்துக் கொண்டு போய் வந்தார் என்று சொல்லப்படுகிறது. ஒரு யூதக் குடும்பத்துக்கு ஒளிந்திருக்க இடமும் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் அன்று சிறுவனாக இருந்தவர், முதிர்ந்த வயதில் அதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

அகப்பட்டிருந்தால் தண்டனை என்ன என்பதை விவரிக்க வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த பிறகு இதை அவர் மேடையேறிச் சொல்லியிருந்தால், அவரைப் பரிகாசம் செய்தவர்களில் பாதிப் பேர் வாயடைத்துப் போயிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்வதற்கே தவிரச் சொல்லிக் கொள்வதற்கல்ல என்பது அவருடைய சித்தாந்தம். 2000-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி தமது எண்பத்தைந்தாவது வயதில் காலமானார். ஜெருசலேமில் உள்ள யாத் வஷேம் என்னும் ஞாபக ஸ்தாபனம், யூதர்களைக் காத்த பிற மதத்தாரின் வரிசையில் 2013-ல் அவர் பெயரைச் சேர்த்தது.

இதிலும் தகராறு இல்லாமல் போகவில்லை. குழாய்க்குள் காகிதம் கொண்டு போனதற்கு எழுத்து மூலமான அத்தாட்சி போதாது என்று சில சரித்திர ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். அத்தாட்சி கேட்பது அவர்கள் தர்மம். ஆனால் இரகசியமாக நடந்த காரியம், அதுவும் செய்தவரே வாயை மூடிக் கொண்ட காரியம், ரசீது புத்தகத்துடன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? அடைக்கலம் பெற்றவரின் சாட்சி நமக்குப் போதுமானது.

பக்திமான், கிழவர், கட்சிக்காரர், தேசத்தைக் காத்தவர் என்று ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர்கள் எத்தனையோ. அவை ஒவ்வொன்றும் வைத்தவர்களின் தேவைக்குத் தக்கபடி அமைந்தவை. கடிகாரத்தைக் கையில் வைத்து அளந்த அந்த இருபத்தோரு நிமிஷத்தைப் பற்றி ஊரே பேசிற்று. கடிகாரமும் கூட்டமும் இல்லாத சாலையில், பிறர் உயிரைச் சுமந்து கொண்டு மிதித்த மைல்களைப் பற்றி மிதித்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மனிதரின் பெயரை எடை போட விரும்புகிறவர்கள், அவர் எதை ஜயித்தார் என்று பார்ப்பதோடு, எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அடுத்த தடவை மேடு கண்டு சைக்கிளிலிருந்து இறங்கும் நேயர்கள், கான் நகரத்தில் அன்றிரவு படுத்திருந்த முப்பத்து மூன்று வயதுக் கிழவரைச் சற்று நினைத்துக் கொள்ளட்டும். நினைத்துக் கொண்ட பிறகு தள்ளிக் கொண்டு போவதில் ஆட்சேபம் இல்லை.