விமானம் ஏறும் முன் மூக்கைக் கவனி!



நம்ம பாகலூரில் விடியற்காலைப் பனியில் ரோஜாத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சளியும் மூக்கடைப்பும் புதுசு இல்லை. அதுக்கெல்லாம் யாரும் லீவு போடுவதும் இல்லை. ஆனால் அதே மூக்கடைப்போடு விமானம் ஏறினால் என்ன ஆகும் என்று எங்க மாமாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மாமா துபாயில் வெல்டர். போன வருஷம் லீவு முடிந்து கிளம்பும்போது அவருக்குச் சரியான சளி. டிக்கெட்டை மாற்றினால் பணம் போயிடும் என்று அப்படியே போய்விட்டார். விமானம் இறங்கும்போது காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி வலியாம். அப்புறம் ஐந்து நாள் இடது காது கேட்கவில்லை. வேலை இடத்தில் பின்னாலிருந்து கிரேன் ஹாரன் அடித்ததுகூடத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். அதைக் கேட்ட அன்று அம்மா சாப்பிடவே இல்லை.

மூக்கு அடைத்தால் காது ஏன் வலிக்கணும்? அறிவியல் சாரிடம் கேட்டேன். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சின்ன அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதுதான் யூஸ்டேசியன் குழாய். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறக்கும். சளி பிடித்தால் அதன் வாய் வீங்கி ஒட்டிக்கொள்ளும்.

ஏற்காடு டூர் போனபோது மலை மேலே ஒரு காலி பாட்டிலை இறுக்கி மூடிப் பையில் போட்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் வந்து பார்த்தால் பாட்டில் சப்பிக் கிடந்தது! கீழே காற்றழுத்தம் அதிகம், உள்ளே இருப்பதோ மலைக் காற்று. விமானம் சுமார் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குக் காற்றழுத்தத்தை வைத்திருப்பார்கள். ஊட்டியே ஏறக்குறைய 7,350 அடிதான். துபாயோ கடல் மட்டத்தில். அப்படி இறங்கும்போது குழாய் அடைத்திருந்தால் செவிப்பறையும் பாட்டில் மாதிரி உள்ளே இழுபடும். ஏறும்போதைவிட இறங்கும்போது வலி அதிகம் என்பது இதனால்தான்.

2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஒரு விமானத்தில், உள் அழுத்தத்துக்கான சுவிட்சைப் போடாமல் விட்டதால் சுமார் 30 பேருக்கு மூக்கிலோ காதிலோ ரத்தம் வந்தது. அவர்களில் எல்லோருக்குமா சளி இருந்திருக்கும்?

இந்த வருஷமும் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது மாமா தும்ம ஆரம்பித்தார். பாட்டி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். நான் விடாமல் மாமாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனேன். ஆவி சுகமாக இருக்கும், ஆனால் அது மட்டும் குழாயைத் திறந்துவிடும் என்று நம்பாதீங்க, கொதிநீர் கொட்டிக்காதீங்க என்றார் டாக்டர். உப்புநீர் மூக்குச் சொட்டு தினமும் போடச் சொன்னார். அடைப்புத் திறக்கும் மருந்துச் சொட்டு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். அதை விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் போடணும். சில நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு திரும்ப அதிகமாகுமாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் சின்னப் பிள்ளைகளும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. காதிலும் வலி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது என்றும் சொன்னார்.

சொட்டு மருந்தைப் பெரிய பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்கணும். நான்தான் எடுத்து வைத்தேன். இறங்கும்போது தூங்கக் கூடாது, மிட்டாய் சப்பிக்கொண்டே இருக்கணும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவா ஊதணும். வேகமா ஊதினால் செவிப்பறைக்கு ஆபத்து. கைக்குழந்தைக்கு அந்த நேரம் பால் கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா போய்ச் சேர்ந்து போன் பண்ணினார். இடது காது அரை நாள் கொஞ்சம் மந்தமா இருந்ததாம், வலி இல்லையாம். "கேக்குதா மாமா?" என்று கத்தினேன். "கேக்குது, கத்தாதே புள்ள" என்றார்.

— 9ஆம் வகுப்பு மாணவி