கேர்ள்ஸ் ஸ்கூல்னா ‘அய்யோ பாவமா’?

சிட்டியில வளர்ந்த நம்ம செட்ல யாராவது “நான் கேர்ள்ஸ் ஸ்கூல்”னு சொன்னா, உடனே ஒரு “அய்யோ பாவம்” வரும். இன்னிக்கு அதைப் பத்திப் பேசலாம்.

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மேலே படிக்க ஆசைப்பட்டப்போ, ஊர்ல இருந்த மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கிற இடம். எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதிச்சதால இடம் கிடைச்சது. ஆனா வகுப்புல பசங்க கண்ணுல படாம, திரைக்குப் பின்னாடி உட்காரணும். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடிச்சு டாக்டரானாங்க. அது அவங்க கெட்டிக்காரத்தனம். திரைக்கு அதுல எந்தப் பங்கும் இல்லை.

அதே மாவட்டத்துல, கறம்பக்குடியில் இப்போ பெண்களுக்குன்னே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கு. சுத்துப்பட்டு கிராமத்துல, பத்தாவது முடிச்ச பொண்ணை ப்ளஸ் ஒன் அனுப்பலாமான்னு தயங்குற வீட்டை நினைச்சுப் பாருங்க. அங்க முதல்ல வர்ற கேள்வி ரிசல்ட் பத்தினதா இருக்காது. “பசங்களும் படிக்கிறாங்களா?”ங்கறதுதான். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. ஆனா வீடு மாறுற வரைக்கும் பதினஞ்சு வயசுப் பொண்ணு காத்திருக்க முடியாதே! “பொம்பளப் புள்ளைங்க ஸ்கூல்தாம்ப்பா”ன்னு சொல்ல அவளுக்கு ஒரு பதில் வேணும். இந்த லாபம் மார்க் கணக்குல தெரியாது. படிப்பை நிறுத்தினவங்க மார்க் லிஸ்ட்லயே இருக்க மாட்டாங்க இல்லையா.

சரி, மார்க் கூடுமா? தென்கொரியாவின் சியோல்ல 1974-லிருந்து, எந்த உயர்நிலைப் பள்ளின்னு குலுக்கல் மாதிரிதான் ஒதுக்குனாங்க. அதனால வசதியான, நல்லா படிக்கிற பிள்ளைங்க ஒரே பக்கம் குவியலை. அதை ஆராய்ஞ்சு 2013-இல் வந்த கட்டுரை, தனிப் பள்ளியில் படிச்சவங்க மொழிப்பாட மார்க்கும், கல்லூரிக்குப் போறதும் கொஞ்சம் கூடுதல்னு சொல்லுது. பசங்களுக்கும்தான்! ஆனா 2014-இல் 21 நாடுகளின் 184 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தப்போ, கவனமா நடத்துன ஆய்வுகள்ல பெரிய வித்தியாசம் தெரியலை.

அதனால மார்க்கைக் காட்டி நான் வாதாட மாட்டேன். ப்ளஸ் ஒன் சேர்றதுதான் எனக்குப் பெரிய விஷயம். அப்புறம் இன்னொண்ணு. கேர்ள்ஸ் ஸ்கூல்ல படிச்ச ஃப்ரெண்ட் இருந்தா கேளுங்க: ஆண்டு விழாவுக்கு பெஞ்ச் தூக்கினது யாரு, மைக் செட் மாட்டினது யாரு, லேப்ல பர்னரை முதல்ல பத்த வச்சது யாரு?