பெயர் ஒன்று, ஆள் வேறு: கணினி பறித்த குடும்ப அட்டைகள்

ஒரு தெருவில் இரண்டு அப்துல் காதர்கள் இருந்தால் நாம் குழம்புவதில்லை. ஒருவரை அரிசிக்கடைக் காதர் என்போம். மற்றவரை மேலத்தெருக் காதர் என்போம். அதுவும் போதாதெனில் தந்தையின் பெயரைச் சேர்த்துச் சொல்வோம். ஊராரின் நினைவுக்கு உள்ள இந்தத் தெளிவு கணினிக்கு இல்லை. அது அறிந்தவை எழுத்துகள் மட்டுமே. அவ்வெழுத்துகளை நம்பி ஓர் அரசு ஏழைகளின் அரிசியை நிறுத்துமானால் என்ன நேரும்? தெலங்கானா மாநிலத்தில் நேர்ந்தது அதற்கு விடை கூறுகிறது.

அம்மாநில அரசு ‘சமக்ர வேதிகா’ என்னும் கணினி அமைப்பொன்றை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. வாகனப் பதிவு, சொத்து வரி, மின் இணைப்பு என ஏறத்தாழ 30 அரசுப் பதிவேடுகளை அது ஒன்றோடொன்று இணைத்தது. கார் வைத்திருப்போரும் வசதி படைத்தோரும் ஏழைகளுக்குரிய உணவுப் பாதுகாப்பு அட்டையைப் பெற்றுவிடலாகாது என்பதே நோக்கம். இந்நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. குறை அதை நிறைவேற்றிய முறையில் இருந்தது.

வாகனப் பதிவேட்டில் உள்ள ஒரு பெயரும் குடும்ப அட்டையில் உள்ள ஒரு பெயரும் ஒரே மனிதரைக் குறிக்கின்றனவா என்பதைக் கணினி எவ்வாறு அறியும்? பெயரின் ஒலி, தந்தை பெயர், முகவரி ஆகியவற்றை ஒப்பிட்டு, ‘இவ்விருவரும் ஒருவராக இருக்கக் கூடும்’ என்று ஒரு மதிப்பெண் இடுகிறது. அம்மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இருவரும் ஒருவரே என்று கொள்ளப்படுகிறது. அந்த அளவைத் தளர்த்தினால் தொடர்பற்ற இருவர் ஒருவராகிவிடுவர். இறுக்கினாலோ உண்மையான ஏமாற்றுக்காரர் தப்பிவிடுவர். எந்த அளவை வைப்பது என்பது கணக்குப் போட்டுக் கண்டறியும் செய்தியன்று. எந்தத் தவற்றைப் பொறுத்துக்கொள்வது என்று மனிதர் எடுக்கும் முடிவு அது.

நம் பெயர்களை எண்ணிப் பாருங்கள். முஹம்மது என்னும் ஒரு பெயரையே ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! சிலர் முழுமையாக எழுதுவர். சிலர் இரண்டெழுத்தாகச் சுருக்குவர். சையது, ஷேக், பேகம், பீவி ஆகியன ஆயிரக்கணக்கானோர்க்குப் பொது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், வாக்காளர் பட்டியலில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் வேறொரு விதம். குடும்பப் பெயர் என்னும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. இத்தகைய பெயர்களை ஒலியால் ஒப்பிடும் இயந்திரம் இடறி விழுவதற்கு இடம் மிகுதி. இயந்திரத்துக்குப் பகையுணர்வு உண்டு என்று நான் கூறவில்லை. எனினும் பகையின்றிச் செய்த தவறாலும் அடுப்பு அணையும்.

ஐதராபாத்தில் அப்படித்தான் ஆயிற்று. ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவரின் குடும்ப அட்டை நீக்கப்பட்டது. காரணம், அவருடைய பெயரை ஒத்த பெயருடைய வேறொருவரிடம் கார் இருந்தது. எம்மிடம் கார் இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அவர் மனைவியின் தலையில் விழுந்தது. இல்லாத ஒரு பொருளை இல்லையென்று எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பது?

இது ஒரு வீட்டின் கதையன்று. 2014 முதல் 2019 வரை அம்மாநிலத்தில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் நீக்கப்பட்டன. ‘உங்கள் அட்டையை நீக்கவிருக்கிறோம், மறுப்பு இருந்தால் கூறுங்கள்’ என்னும் முன்னறிவிப்பு எதுவுமில்லை. பலர் கடைக்குச் சென்ற பின்னரே செய்தியை அறிந்தனர். சமூக ஆர்வலர் எஸ்.க்யூ. மசூத் உச்சநீதிமன்றத்தை நாடினார். நீக்கப்பட்ட அட்டைகளை நேரில் சென்று மறுஆய்வு செய்யுமாறு 2022 ஏப்ரலில் நீதிமன்றம் ஆணையிட்டது.

அதன்பின் 4,91,899 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் 2,05,734 விண்ணப்பங்கள் அவ்வாண்டு ஜூலைக்குள் பரிசீலிக்கப்பட்டு, 15,471 குடும்பங்கள் தகுதியுடையவை என்று கண்டறியப்பட்டன. நூற்றுக்கு ஏழரைதானே என்று சிலர் கூறக்கூடும். குடும்பத்துக்கு நால்வர் எனக் கொண்டால் அறுபதாயிரம் பேரின் உணவு அது. நீக்கப்பட்டோருள் பெரும்பகுதியினர் மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும் மறந்துவிடலாகாது. அவர்கள் எல்லோரும் வசதி படைத்தவர்களா, அலைந்து ஓய்ந்தவர்களா என்பதை அந்த எண் சொல்வதில்லை. 2013 ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக வழங்கியிருக்கிறது. உரிமையைப் பறிக்குமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இதனினும் வியப்பு, அவ்வியந்திரத்தின் மூல நிரலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அது தனியார் நிறுவனத்துக்குரியது என்று கூறி மறுக்கப்பட்டதாக அல் ஜஸீரா 2024 இல் வெளியிட்ட புலனாய்வுக் கட்டுரை தெரிவிக்கிறது. தீர்ப்பு அரசினுடையது, தீர்ப்புக்கான நியாயம் மட்டும் வணிக இரகசியம்!

ஹரியானாவில் குடும்ப அடையாளப் பதிவேடு 102 வயது முதியவர் ஒருவரை இறந்தவராகக் காட்டியதால் அவரது ஓய்வூதியம் நின்றது. தாம் உயிரோடிருப்பதை உலகுக்குக் காட்ட 2022 செப்டம்பரில் அவர் ரோத்தக் நகரில் ஊர்வலமே சென்றார். இலங்கையில் 2023 இல் தொடங்கப்பட்ட ‘அஸ்வெசும’ நலத்திட்டம் 22 அளவுகோல்களைக் கொண்டு வறியோரைத் தெரிவு செய்தது. இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. வருவாய்க்கு எழுத்துச் சான்று இல்லாத மக்கள் நிறைந்த ஆசிய நாடுகளில் இச்சிக்கல் திரும்பத் திரும்ப எழுவதில் புதுமையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023 இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிழையான தகவலைத் திருத்தக் கோரும் உரிமையை அது தருகிறது. ஆயின் மானியங்கள், நலத்திட்டங்கள் ஆகியவற்றின் பொருட்டு அரசு நம் தகவல்களைக் கையாள்வதற்கு வாசலை அகலத் திறந்தும் வைத்திருக்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முதன்மையான கடமைகள் 18 மாதங்களுக்குப் பின்னரே நடப்புக்கு வரும். அதே மாதம் நடுவண் அரசு வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு ஆளுகை நெறிமுறைகள் நல்ல சொற்கள் நிறைந்தவை. எனினும் அவை சட்டமல்ல. வியட்நாமோ 2025 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டமே நிறைவேற்றியது.

தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முன்னறிவிப்பு, காரணம், மேல்முறையீடு ஆகிய மூன்றும் கணினி பிறக்குமுன்பே நம் நிர்வாக நெறியில் இருந்தவை. தமிழகத்தில் வசதியை அளந்து ஆட்களைத் தள்ளாத பொது விநியோக முறை நிலவுவதால் தெலங்கானாவின் துன்பம் இங்கு அந்த அளவில் நேரவில்லை. 2023 இல் மகளிர் உரிமைத் தொகைக்கு வந்த விண்ணப்பங்கள் கார், மின் நுகர்வு, வருமானம் ஆகிய அளவுகோல்களால் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் விண்ணப்பங்களுள் 1 கோடியே 6 இலட்சம் ஏற்கப்பட்டன. மறுக்கப்பட்டோர்க்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் 30 நாள்களுக்குள் முறையிட வழியும் தரப்பட்டது. மறுக்கப்பட்ட எல்லோரும் மனநிறைவு அடைந்தனர் என்பதற்கில்லை. எனினும் எவரிடம் சென்று முறையிடுவது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2020 இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்ட மாநிலம் நம்முடையது. அக்கொள்கை ஏட்டளவில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இனி வரும் அரசுகளின் பொறுப்பு.

அதுவரை நம் இல்லங்களில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அட்டையோ உதவித் தொகையோ நின்றுபோனால் ‘கணினியில் அப்படி வருகிறது’ என்னும் வாய்மொழியை ஏற்றுத் திரும்பிவிடாதீர்கள். எந்தப் பதிவேட்டின்படி, என்ன காரணத்தால் என்பதை எழுத்தில் கேளுங்கள். உணவுப் பொருள் எனின், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குறைதீர் அலுவலர் உள்ளார். அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் உள்ளது. அங்கும் விளக்கம் கிட்டாவிடில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனுச் செய்யலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு அக்கட்டணமும் இல்லை. 30 நாள்களுக்குள் விடை தந்தாக வேண்டும். மனுவின் நகலையும் அஞ்சல் ரசீதையும் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீட்டுக்கு அவை தேவைப்படும்.