ஆறப் பொறுங்கள்

வண்டி வைத்தியம் – 14

சித்திரை மாதம், மதிய வேளை. உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் பானட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கைக்குட்டையைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி தெறித்தது, கொதிநீர் முன்னங்கையில் பீறிட்டது. தழும்பு இன்னும் மறையவில்லை.

சென்ற வாரம் என்ஜின் ஆயிலைப் பார்த்தோம். இந்த வாரம் கூலன்ட்டை வடித்து, உள்ளே கழுவி, புதிதாக நிரப்பும் வேலை. அதன் முதல் பாடத்தை அந்தத் தழும்புதான் எனக்குக் கற்றுத் தந்தது.

ரேடியேட்டரும் குக்கர் மாதிரிதான். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை அடக்கி வைத்திருப்பதால் 120 டிகிரி வரை கொதிக்காமல் கிடக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அடுத்த நொடியே ஆவியாகிச் சீறும். ஆகவே மாலையில் வண்டியை நிறுத்தி, மறுநாள் காலையில் வேலையைத் தொடங்குங்கள். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறவும் பொறுமை வேண்டும்.

நம் ஊரில் தண்ணீர் உறையாதே, கூலன்ட் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். கூலன்ட் கொதிநிலையை உயர்த்துகிறது. துரு பிடிக்காமலும் காக்கிறது. துருவைத் தடுக்கும் மருந்துகள் நாளாக நாளாகத் தீர்ந்துபோகும். அதனால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. போர் தண்ணீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சூடு வெளியேற முடியாமல், கடைசியில் அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போய்விடும்.

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் சுழலும். அந்தப் பக்கம் விரல் போகக் கூடாது. அடியில் அகலமான தட்டை வைத்து, ரேடியேட்டரின் கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் திறங்கள். பிறகு மேல் மூடியைத் திறந்தால் வேகமாக வடியும்.

வடிவதை உற்றுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் துரு. எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். வேலையை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.

பிளக்கை மூடி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, மூடியைப் போடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓட விடுங்கள். 82 முதல் 88 டிகிரிக்குள் பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் திறக்கும். மேல் ஹோஸ் சுடுவதை வைத்து அதை அறியலாம். அது திறந்த பிறகு என்ஜினை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிந்த நீர் வரும்வரை இப்படியே. அவசரப்பட்டுச் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம்.

கடைசியாக, வண்டியின் கையேட்டில் சொன்ன கூலன்ட். பச்சை, சிவப்பு என்று நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒவ்வாத இரண்டு கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளும். கெட்டிக் கூலன்ட் என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். கையேட்டின்படி உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, மறுநாள் என்ஜின் ஆறியிருக்கும்போது அளவைச் சரிபாருங்கள்.

இனி தட்டில் இருக்கும் பழைய கூலன்ட். பெரும்பாலான கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஆனால் இனிக்கும். நாய் நக்கினாலும் குழந்தை குடித்தாலும் உடலுக்குள் ஆக்சலேட் படிகங்களாகி சிறுநீரகத்தைச் சிதைத்துவிடும். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். மூடியுள்ள கேனில் பெயர் எழுதி, கழிவு எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். சிந்திய இடத்தைத் துடைத்துக் கழுவுங்கள். வெயில் ஏறியதும் உங்கள் வண்டியின் நிழலில்தான் தெருநாய் வந்து படுக்கும்.

(அடுத்த வாரம்: பிரேக் ஆயில்)