20 லட்சத்துக்கு வந்தார், ஆரஞ்சு கேப் வாங்கினார்! - யாரும் கவனிக்காத வீரரைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாலை 7 மணி. பட்டரவாக்கம் ஸ்டேஷன். ஜெனரல் ஷிஃப்ட்டோடு ஓ.டி-யும் முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வரும் கூட்டம், ஆவடி பக்கம் போகும் ரயிலுக்காகக் காத்து நிற்கிறது. ஐ.பி.எல் சீசன் என்றால், அந்த நேரத்தில் பாதிப் பேரின் தலை செல்போனுக்குள்தான் இருக்கும். டாஸ் போட்டாச்சு. இரண்டு அணிகளின் பட்டியலும் வந்தாச்சு. ஆட்டம் 7.30-க்கு. ரயில் ஆவடிக்குள் நுழைவதற்குள் ஃபேன்டஸி டீமுக்கு 11 பேரை முடிவு செய்தாக வேண்டும்.

பத்துப் பேரைப் போடுவது சுலபம். விராட் கோலியையும் பும்ராவையும் யார்தான் விடுவார்கள்? நீங்கள் போடும் அதே ஆட்களைத்தான் எதிர் சீட்டில் இருப்பவரும் போட்டிருப்பார். வித்தியாசம் வருவது அந்த 11-வது ஆளிடம்தான். விலை குறைவு, பேரும் பெரிதாகத் தெரியாது, நூறு பேரில் மூன்று பேர்கூட எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால், அன்றைக்கு அவர் 70 ரன் அடித்துவிட்டால் உங்கள் டீம்தான் மேலே!

நம்மூர் பசங்க இவரை 'ட்ரம்ப் கார்ட்' என்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'ஸ்லீப்பர்'. ரயிலில் பெர்த் போட்டுத் தூங்கும் ஸ்லீப்பர் இல்லை. திறமை இருந்தும் யார் கண்ணிலும் படாமல் 'தூங்கிக்கொண்டிருக்கும்' வீரர். இவரை எப்படி மோப்பம் பிடிப்பது?

காயத்தில் கிடைத்த இடம்

ஃபேன்டஸி விளையாட்டின் பிறந்த வீடு அமெரிக்கா. 1962-ல் ஓக்லாந்து ரெய்டர்ஸ் அணியின் பங்குதாரர்களில் ஒருவரான பில் விங்கன்பாக், நண்பர்களோடு சேர்ந்து இதற்கான விதிகளை எழுதினார். அடுத்த ஆண்டே அவர்களின் லீக் தொடங்கிவிட்டது. இன்றும் அங்கே ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் நடக்கும் பெரிய விவாதம், 'இந்த வருஷம் ஸ்லீப்பர் யார்?' என்பதுதான். அதிலும், வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் 'வைடு ரிசீவர்'கள் மீதுதான் எல்லோருக்கும் கண்.

2023-ல் நடந்ததைப் பாருங்கள். புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில் 177-வது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு வந்தவர் புக்கா நக்குவா. அவருக்கு முன்னால் 176 பேரை எடுத்தாகிவிட்டது என்றால், எவ்வளவு சாதாரணமாகப் பார்க்கப்பட்டிருப்பார்! ஆனால், சீசன் தொடங்கும்போது அந்த அணியின் நட்சத்திர ரிசீவர் கூப்பர் கப் காயத்தால் வெளியே. அவருக்கு வர வேண்டிய பந்துகள் நக்குவாவுக்கு வந்தன. முதல் இரண்டு ஆட்டங்களிலேயே 25 கேட்ச். சீசன் முடிவில் 105 கேட்ச், 1,486 கெஜம். ஒரு புதுமுக வீரருக்கு இரண்டுமே அப்போது சாதனை.

அவருடைய திறமை ஒரே இரவில் முளைக்கவில்லை. பந்து அவரிடம் வர ஆரம்பித்தது. அவ்வளவுதான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிய பாடமில்லை. சீனியர் ஆபரேட்டர் இருக்கும்வரை அப்ரன்டிஸ் பையன் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். சீனியர் நாலு நாள் லீவு போட்டால்தான் மெஷினில் அவன் கைவைப்பான். அந்த நாலு நாளில், 'அட, இவன் நல்லா பண்றானே!' என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டால், அவன் கதையே வேறு.

வில்லியம்சன் விழுந்தார், சாய் எழுந்தார்

அதே 2023. இங்கே நம் ஐ.பி.எல். மார்ச் 31 அன்று முதல் ஆட்டத்தில் சி.எஸ்.கே-வும் குஜராத் டைட்டன்ஸும் மோதின. பவுண்டரி எல்லையில் பந்தைத் தடுக்கப் பாய்ந்த கேன் வில்லியம்சன் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். அவருக்குப் பதிலாக 'இம்பாக்ட் பிளேயர்' விதியில் உள்ளே வந்தவர் நம் சென்னைப் பையன் சாய் சுதர்சன்.

குஜராத் அவரை 2022-க்கான ஏலத்தில் அடிப்படை விலையான 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்திருந்தது. அந்த வருடம் ஐந்தே ஆட்டங்கள், 145 ரன். இன்னொரு வேடிக்கை, 2023-ல் நடந்த டி.என்.பி.எல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். அதாவது, ஐ.பி.எல் விலையைவிட உள்ளூர் விலை அதிகம்! அவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் மதிப்பு தெரிந்திருந்தது. 2021 டி.என்.பி.எல் தொடரில் 8 ஆட்டங்களில் 358 ரன் குவித்தவர் ஆயிற்றே.

வில்லியம்சன் ஊர் திரும்ப, சாய்க்கு மூன்றாவது இடத்தில் இறங்கும் வாய்ப்பு கிடைத்தது. அடுத்த ஆட்டத்திலேயே டெல்லிக்கு எதிராக 62 நாட் அவுட். இறுதிப் போட்டியில் சி.எஸ்.கே பந்துவீச்சை வெளுத்து 47 பந்துகளில் 96. கடைசிப் பந்தில் ஜடேஜா அடித்த பவுண்டரிதான் அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது. 2024-ல் சாய் 527 ரன் எடுத்தார். 2025-ல் 759 ரன், ஆரஞ்சு கேப்.

சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் கதையும் இப்படித்தான். 2018-ல் 40 லட்சத்துக்கு ஹைதராபாத் எடுத்தது. அந்த சீசனும் அடுத்த சீசனும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். 2020-ல் புவனேஷ்வர் குமார் காயத்தால் தொடரைவிட்டு விலக, கடைசி ஓவர்களை வீசும் பொறுப்பு நடராஜனிடம் முழுதாக வந்து சேர்ந்தது. யார்க்கர்களாக இறக்கினார். 16 ஆட்டங்களில் 16 விக்கெட். நெட் பௌலராக ஆஸ்திரேலியா போனவர், அதே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

பந்துக் கணக்கைப் பாருங்கள்

ஆகவே, 'இவர் எவ்வளவு நல்ல பிளேயர்?' என்பது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, 'இன்றைக்கு இவருக்கு எத்தனை பந்து கிடைக்கும்?'

ஓர் அணிக்கு 120 பந்துகள். ஓப்பனிங் இறங்குபவருக்கு 30 பந்து கிடைத்து, 130 ஸ்ட்ரைக் ரேட்டில் ஆடினாலே 39 ரன். ஏழாவதாக இறங்குபவருக்கு 8 பந்துதான் கிடைக்கும் என்றால், 180 ஸ்ட்ரைக் ரேட்டில் விளாசினாலும் 14 ரன். பார்க்க அதிரடியாக இருப்பவர் ஏழாமவர். பாயின்ட் கொண்டுவருபவர் ஓப்பனர்.

பௌலருக்கும் இதே கணக்கு. நான்கு ஓவரும் கிடைக்குமா, இரண்டோடு நிறுத்திவிடுவார்களா? கடைசி ஓவர்களை வீசுபவரா? பேட்ஸ்மேன்கள் கண்ணை மூடிக்கொண்டு சுற்றும் நேரத்தில்தான் விக்கெட்டுகள் கொத்தாக விழும். பெரும்பாலான ஃபேன்டஸி ஆப்களில் ஒரு விக்கெட்டுக்கான மதிப்பு, ஏறக்குறைய 25 முதல் 30 ரன்னுக்குச் சமம்.

ஒரு மேட்ச்சை நம்பாதீர்கள்

2025 மார்ச் 23, சேப்பாக்கம். 30 லட்சத்துக்கு மும்பை எடுத்திருந்த கேரளப் பையன் விக்னேஷ் புத்தூர், இம்பாக்ட் பிளேயராக வந்து ருதுராஜ், துபே, தீபக் ஹூடா என மூன்று சி.எஸ்.கே விக்கெட்டுகளைச் சாய்த்தார். மறுநாள் எல்லோர் வாயிலும் அவர் பெயர்தான். ஆனால், அந்த சீசனில் அவர் ஆடியது மொத்தம் 5 ஆட்டங்கள், எடுத்தது 6 விக்கெட். காலில் காயம் ஏற்பட்டுத் தொடரைவிட்டே விலக நேர்ந்தது. அவர் மேல் குறை இல்லை. எல்லோரும் பேச ஆரம்பித்த பிறகு ஒருவரை டீமில் சேர்த்தால், அவர் அதற்குமேல் ஸ்லீப்பர் இல்லை என்பதுதான் விஷயம்.

இதற்கு நேர் எதிர்க்கதை வருண் சக்கரவர்த்தி. ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2018-ல் மதுரை பேந்தர்ஸ் டி.என்.பி.எல் கோப்பை வென்றபோது அந்த அணியில் கலக்கியவர். 2019 சீசனுக்காகப் பஞ்சாப் அணி 8.4 கோடி ரூபாய் கொடுத்து அவரை வாங்கியது. ஆடியது ஒரே ஆட்டம். வீசிய முதல் ஓவரிலேயே 25 ரன் போனது. பிறகு காயம். 'காசு வேஸ்ட்' என்று ஊரே கைகழுவியது. அடுத்த ஏலத்தில் 4 கோடிக்குக் கொல்கத்தா எடுத்தது. 2020-ல் 17 விக்கெட், டெல்லிக்கு எதிராக 20 ரன் கொடுத்து 5 விக்கெட்!

ஒரு நல்ல நாளை வைத்து ஒருவரைத் தூக்கிக் கொண்டாடுவதும் தப்பு, ஒரு மோசமான நாளை வைத்து ஓரம்கட்டுவதும் தப்பு. கூட்டம் மறந்துபோன ஆட்களிடம்தான் பல நேரம் லாபம் இருக்கிறது.

டீம் போடும் முன் 5 கேள்விகள்

1. இன்றைக்கு யார் இல்லை? அவர் இடத்தில் யார் ஆடப்போகிறார்? காயப் பட்டியல்தான் ஸ்லீப்பர்களின் பிறப்புச் சான்றிதழ்.

2. அவருக்கு எத்தனை பந்து, எத்தனை ஓவர் கிடைக்கும்?

3. கேப்டன் அவரை நம்புகிறாரா? இரண்டு ஆட்டங்களில் சொதப்பிய பிறகும் அதே இடத்தில் ஆடவைத்தால் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

4. மைதானம் அவருக்கு ஒத்துழைக்குமா? பந்து திரும்பும் நாளில் சேப்பாக்கத்தில், பெயர் தெரியாத ஸ்பின்னர்கூட ஹீரோ ஆகலாம்.

5. டாஸுக்குப் பிறகு 11 பேர் பட்டியலை மட்டுமல்ல, இம்பாக்ட் மாற்று வீரர்கள் ஐந்து பேரையும் பார்த்தீர்களா? சாய் சுதர்சனும் விக்னேஷும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தார்கள்.

இன்னொன்று, ஸ்லீப்பர் ஒருவர் போதும், மிஞ்சினால் இரண்டு பேர். 11 பேரையும் 'யாரும் எடுக்காத ஆள்' என்று போட்டால், யாரும் எடுக்காததற்கான காரணம் அன்று இரவே புரிந்துவிடும். பாயின்ட் இரட்டிப்பாகும் கேப்டன் பொறுப்பை அவரிடம் கொடுத்துச் சோதனை செய்யவும் வேண்டாம்.

7 கோடியே 75 லட்சம் வழிகள்

இதெல்லாம் தெரிந்தவர்கள் பணக்காரர்கள் ஆகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு சொல்லும்.

களத்தில் இருக்கும் 22 பேரிலிருந்து 11 பேரைத் தேர்ந்தெடுக்க 7,05,432 வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு டீமிலும் கேப்டன், வைஸ் கேப்டனை 110 விதமாக மாற்றிப் போடலாம். பெருக்கினால் 7 கோடியே 75 லட்சத்துக்கும் மேல்! கிரெடிட் கட்டுப்பாடுகளால் இது குறையும் என்றாலும், முதல் பரிசுக்கான டீம் அந்தக் குவியலுக்குள் ஒளிந்திருக்கும் ஊசிதான். ஸ்லீப்பரைச் சரியாகக் கணித்தவர்கூட மீதி 10 பேரிடம் தோற்றுப்போவார்.

'49 ரூபாய்தானே' என்று தொடங்கி, விட்டதைப் பிடிக்க 490, 4,900 என்று போகும் பாதை எந்தக் குடும்பத்துக்கும் நல்லதல்ல. ஆன்லைன் பண விளையாட்டுகளால் ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழப்பதாக மத்திய அரசுத் தரப்பே சொன்னது. தமிழ்நாடு அரசு 2022-லேயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்தது. அவற்றை நடத்தினால் 3 ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். 2020-ல் ஐ.பி.எல் தொடருக்கே டைட்டில் ஸ்பான்சராக இருந்த ட்ரீம் லெவனும் பணப் போட்டிகளை உடனே நிறுத்திவிட்டது.

இப்போதும் 'கன்ஃபார்ம் டீம் தர்றோம்', 'வெளிநாட்டு ஆப்பில் ஆடலாம்' என்று யாராவது மெசேஜ் அனுப்பினால், அது வலை. நாளைய ஸ்கோர் நிச்சயமாகத் தெரிந்தவர் அதை உங்களிடம் 200 ரூபாய்க்கு ஏன் விற்கப்போகிறார்? ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930-க்கு அழைத்துப் புகார் செய்யுங்கள். விளையாட்டை நிறுத்த முடியாமல் தவிப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். வீட்டில் பிள்ளைகள் டீம் போடுவதைப் பார்த்தால் திட்டுவதற்கு முன், 'பணம் கட்டி ஆடுறியா, சும்மா ஆடுறியா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

பணம் போனது, பார்வை இருக்கிறது

பணம் போனதால் சுவாரஸ்யம் போய்விடவில்லை. இலவச லீக்கில் நண்பர்கள் பத்துப் பேர் ஒரு குரூப் ஆரம்பித்து, சீசன் முடிவில் கடைசியாக வருபவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரலாம். அதிகபட்ச நஷ்டம் பத்து பிரியாணி!

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஏதாவது ஒரு கிரவுண்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் மேட்ச் நடக்கும். எட்டாவதாக மட்டுமே இறங்கும் ஒல்லிப் பையன் ஒருவன் எல்லா டீமிலும் இருப்பான். பெரும்பாலான நாட்களில் அவனுக்கு பேட்டிங்கே வராது. பவுண்டரியில் நின்று பந்து பொறுக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

என்றைக்காவது ஒன்-டவுன் இறங்கும் அண்ணன் ஊருக்குப் போயிருப்பார். அன்றைக்கு அந்தப் பையனிடம் பேட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்லீப்பர் என்பவர் தூங்கிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. பார்க்காமல் விட்ட நாம்தான் தூங்கிக்கொண்டிருந்தோம்!