ஓவியத்தில் ஒத்தெல்லோ, ஓரத்தில் ஒரு பெயர்

பாகான் டத்தோவில் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். ஓர் ஆண்டு எங்கள் கோயில் திருவிழாவிற்குத் தோட்டத்துப் பிள்ளைகளை வைத்து அரிச்சந்திரன் நாடகம் போட்டார்கள். எனக்கு வயது 12. அரிச்சந்திரன் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஆனால், கிடைத்ததோ சுடுகாட்டு வீரபாகு வேடம். "உனக்கு மை செலவுகூட இல்லடா" என்றார் நாடகம் பழக்கியவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்கியது பல்கலைக்கழக நூலகத்தில்தான். நாடக வரலாற்று நூலொன்றைப் புரட்டியபோது ஓர் ஓவியத்தின் அச்சுப்படி கண்ணில் பட்டது. கறுப்பின இளைஞர் ஒருவர் நாடக உடையில் இருக்கிறார். அவர் பார்வை நம்மை நேராக நோக்காமல் பக்கவாட்டில் செல்கிறது. எதையோ கேட்டுவிட்டு, அதை நம்புவதா வேண்டாமா என்று தவிப்பவர் போன்ற முகம். 'ஒத்தெல்லோ, வெனிசு நகரத்து மூர்' என்பது ஓவியத்தின் தலைப்பு. வேடத்தின் பெயர் இருக்கிறது. வேடம் போட்டவர் பெயர் தலைப்பில் இல்லை.

அவர் பெயர் ஐரா ஆல்டிரிட்ஜ். 1826ஆம் ஆண்டு ஜேம்ஸ் நார்த்கோட் என்னும் ஆங்கில ஓவியர் இதனைத் தீட்டினார். ஓவியருக்கு அப்போது வயது 80. நடிகருக்கோ 20கூட நிறையவில்லை. மறு ஆண்டு மான்செஸ்டர் நகரில் இயங்கிய அரச கலைக்கழகம் தன் தொகுப்பிற்கென்று முதன்முதலில் விலைக்கு வாங்கிய ஓவியம் இதுதான். மான்செஸ்டர் பஞ்சாலைகளால் செழித்த நகரம். அந்தப் பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் பறித்தது. அந்த நகரமே கறுப்பினக் கலைஞர் ஒருவரின் முகத்தைத் தன் முதல் கலைச்செல்வமாக வாங்கி வைத்தது! இன்று அது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் உள்ளது.

ஆல்டிரிட்ஜ் 1807ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தவர். அங்கே கறுப்பினத்தவர் நடத்திய நாடக அரங்கைப் பார்த்து ஆசை வளர்த்தவர். தம் நாட்டில் வழியில்லை என்றுணர்ந்து 1824இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். 1825இல் இலண்டன் மேடை ஏறினார். அவர் உதடுகளின் அமைப்பு ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிக்க விடாது என்று எழுதிய நாளேடும் உண்டு. விளம்பரங்கள் அவரை ஆப்பிரிக்க இளவரசர் வழிவந்தவர் என்று பறைசாற்றின. வெறும் திறமை போதவில்லை; இளவரசர் பட்டமும் தேவைப்பட்டது.

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ வெனிசு நகரப் படைத்தளபதி, கறுப்பர். ஆயினும் 200 ஆண்டுகளாக வெள்ளை நடிகர்களே முகத்தில் கருமை பூசிக்கொண்டு அந்த வேடத்தைப் போட்டு வந்தனர். புகழ்பெற்ற எட்மண்ட் கீன் அந்தக் கருமையையும் குறைத்து இளம்பழுப்பாக்கிக் கொண்டார். 1833 மார்ச் 25ஆம் நாள் கோவன்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்துக்கொண்டிருந்தபோதே கீன் மேடையில் சரிந்தார். ஏப்ரல் 10ஆம் நாள் அதே அரங்கில் அதே வேடத்தில் ஆல்டிரிட்ஜ் தோன்றினார். பார்வையாளர்கள் கைதட்டினார்கள், ஏடுகளில் சில வெகுண்டெழுந்தன. கறுப்பர் ஒருவர் வெள்ளை நடிகையைத் தொட்டு நடிப்பதா என்பதே அவற்றின் குமுறல். இரண்டே காட்சிகளோடு அவர் வாய்ப்பு முடிந்தது.

அந்த ஆண்டை நாம் நினைவில் வைக்க வேண்டும். அதே 1833 ஆகஸ்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 1834இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் மாற்று ஆள் தேடினர். அதே ஆண்டு மொரிசியசுத் தீவுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். பின்னர் அந்த முறை மலாயாவிற்கும் வந்தது. அதன் பிறகு கங்காணி முறை வந்தது. நம் பாட்டன் பூட்டனைத் தோட்டத்திற்குக் கொண்டுவந்த வரலாற்றின் முதல் ஏடு, ஆல்டிரிட்ஜ் மேடையேறிய காலத்தில்தான் எழுதப்பட்டது. அவர் கதை நமக்கு அந்நியமானதன்று.

இலண்டன் கைவிட்டாலும் அவர் ஓயவில்லை. ஊர் ஊராகச் சென்று நடித்தார். லியர் மன்னன், ஷைலாக் போன்ற வெள்ளையர் பாத்திரங்களையும் முகத்திற்கு வெளிர்நிறம் பூசி ஏற்றார். 1852 முதல் ஐரோப்பிய நாடுகளில் வலம் வந்து பெரும்புகழ் பெற்றார். 1858இல் ரஷ்யாவில் உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் நண்பரானார். ஷெவ்சென்கோ பண்ணையடிமையாகப் பிறந்து 1838இல் விடுதலை பெற்றவர். அவரும் ஆல்டிரிட்ஜின் உருவத்தை வரைந்தார். அதில் ஒத்தெல்லோ வேடம் இல்லை. மனிதர் மட்டும் இருக்கிறார். 1867இல் போலந்தின் வூச் நகரில் நடிப்புப் பயணத்தின்போதே ஆல்டிரிட்ஜ் காலமானார். 2012இல் அவர் வாழ்க்கை, லொலிட்டா சக்கரவர்த்தி எழுதிய 'ரெட் வெல்வெட்' நாடகமாக இலண்டன் மேடைக்குத் திரும்பி வந்தது.

முகத்தில் வண்ணம் பூசுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நம் தெருக்கூத்தில் முகவண்ணம் பாத்திரத்தின் குணத்தைக் காட்டும் குறி. நடிகனின் தோலை அளக்கும் கோலன்று. யார் எந்த வேடம் போடலாம் என்பதைப் பிறந்த நிறம் முடிவு செய்யும்போதுதான் தவறு தொடங்குகிறது. ஆல்டிரிட்ஜ் லியராக நடித்தார். எனக்கோ அரிச்சந்திரன் எட்டவில்லை. இதனை எனக்குச் செய்தவர்கள் வெள்ளைத் துரைகள் அல்லர். என்னைப் போலவே வெயிலில் தேங்காய் உரித்த நம்மவர்கள். வெளியிலிருந்து நம்மைத் தாழ்த்தும் சொல்லை எதிர்க்கிறோம். அதே சொல்லை வீட்டிற்குள் வேடிக்கையாக்கி விடுகிறோம். திருமணப் பேச்சிலும் கலைநிகழ்ச்சித் தேர்விலும் 'கொஞ்சம் கறுப்புதான், ஆனால்...' என்று தொடங்கும் வாக்கியத்தை நம்மில் கேட்காதவர் யார்?

நம் பேரவைகளில் ஆண்டுதோறும் நாடகம் மேடையேறுகிறது. அடுத்த முறை வேடம் பிரிக்கும்போது, வசனம் யாருக்கு வருகிறது என்று கேளுங்கள், அது போதும். நாடக மலரில் பாத்திரத்தின் பெயருக்கு அருகில் நடித்தவர் பெயரையும் மறவாமல் அச்சிடுங்கள். அன்று வீரபாகுவாக நின்ற நான் கூட்டத்தோடு சிரித்திருக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்னொரு சிறுவனுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது.